பாசியும் பறவையும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் வட்டாரத்தில், சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே ஒரு சிறு ஊற்று உண்டு. அதன் நனைந்த பாறையில் ஒரு பாசி வளர்கிறது. 1883இல் கண்டறியப்பட்ட இந்த இனம் உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அது படர்ந்திருக்கும் இடம் ஏறத்தாழ 3 சதுர மீட்டர். நான்கு முஸல்லாக்களை விரித்தால் மூடிவிடலாம்.

அதே நாட்டில் ராபின் என்னும் செம்மார்புக் குருவி தோட்டந்தோறும் பாடித் திரிகிறது. 2015இல் நாட்டுக்குரிய பறவை எதுவென்று மக்களிடம் வாக்குக் கேட்டபோது அதுவே வென்றது. பாசிக்கு யார் வாக்களிப்பார்?

இவ்விரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால், நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் பறவை என்போம். அதில் நியாயமும் உண்டு. பறவைக்கு வலி தெரியும். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த ஒரு சிறு பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. பாசிக்கோ நரம்பில்லை, வேர்கூட இல்லை. மிதித்தால் அதற்கு நோவதில்லை.

நோகாதது எல்லாம் நம் இஷ்டத்துக்கு விடப்பட்டதா? மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டக் கூடாது. தானாக முளைத்த பச்சைப் புல்லையும் பறிக்கக் கூடாது. (இத்கிர் என்னும் புல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு.) புல்லுக்கு வலிக்கும் என்பதற்காகவா இந்தத் தடை? நம் கைக்கு அங்கே ஓர் எல்லை போடப்பட்டது.

ஒரு ராபினைக் கொன்றால் அந்த உயிருக்கு அநீதி செய்கிறோம். ஆனாலும் ராபின் இனம் நாளையும் பாடும். அந்த ஊற்றை மாசுபடுத்தினால் பாசிக்கு வலிக்காது. ஓர் இனமே உலகைவிட்டுப் போய்விடும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. முன்னது பறவைக்கு நாம் பட்ட கடன். பின்னது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளுக்கு உணர்ச்சி இருக்க வேண்டுமென்று எவரும் நிபந்தனை விதிப்பதில்லை.

அப்படியானால் ஹவுள் படியில் வழுக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவுவதும் பாவமா? இல்லை. அது எங்கும் கிடப்பது. உளூச் செய்ய வரும் முதியவரின் இடுப்பெலும்பு அதைவிடப் பெரிது.

ராபின் தன் கூட்டைப் பாசியும் காய்ந்த இலையும் கொண்டுதான் கட்டுகிறது. அது அந்த ஊற்றுக்கே வந்து ஒரு கொத்தைப் பிய்த்துச் சென்றாலும் அதன்மீது கேள்வியில்லை. அது முகல்லஃப் அல்ல. அரிய பொருளைச் சேர்த்துவைக்கும் ஆசையில் ஒரு மனிதர் அதே கொத்தைக் கிள்ளினால்? ராபினைக் கொல்வது, அந்தப் பாசியைப் பறிப்பது ஆகிய இரண்டுமே அந்நாட்டில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள்தாம்.