விதிகள் யாருடையவை?

ஒரு சமுதாயத்தின் மாந்தர் உழைக்கும் முறையைப் போலவே, அவர்கள் ஓய்வைக் கழிக்கும் முறையும் அச்சமுதாயத்தின் உறவுகளைக் காட்டிவிடும். இந்நோக்கிற் பார்க்கும்போது, மேலைநாடுகளில் இரு தலைமுறையினரிடையே எழுந்துள்ள வாதமொன்று நமது கவனத்துக்குரியதாகிறது. மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டைக் கணனித் திரை விழுங்கிவிடுமா என்பதே அவ்வாதம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. ஒருவர் நடுவராயிருந்து கதைச் சூழலை விவரிப்பார். ஏனையோர் தம்மை வீரராகவோ மந்திரவாதியாகவோ கற்பித்துக்கொண்டு, தாம் செய்வதைச் சொல்லுவர். முடிவு ஐயமாகும்போது பகடை உருளும். சில ஆண்டுகளுள் கணனியும் இத்துறையிற் புகுந்தது. 2010இல் ‘வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்னும் வலைவழி விளையாட்டின் சந்தாதாரர் 1 கோடி 20 இலட்சத்தைத் தொட்டனர்.

ஆயினும் மேசை மாளவில்லை. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு புதியதொரு தலைமுறையை அதன்பால் ஈர்த்தது. 2023இற் பெரும் புகழ் பெற்ற ‘போல்டர்ஸ் கேட் 3’ என்னும் கணனி விளையாட்டு அப்பதிப்பின் விதிகளையே அடித்தளமாகக் கொண்டது. எனவே, எது வென்றது என்னும் வினாவிலும் பார்க்க, ஆடுவோர் எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்னும் வினாவே பயனுடையது.

ரிச்சர்ட் கரியட் 1985இல் வெளியிட்ட ‘அல்ட்டிமா 4’ இதற்குத் தக்க சான்று. எட்டு அறங்களைக் கைக்கொள்வதே அக்கணனி விளையாட்டின் இலக்கு. கண்பார்வையற்ற மூலிகை வணிகருக்குக் குறைந்த காசு கொடுத்து ஏமாற்றினால், இயந்திரம் அதனை மௌனமாகக் கணக்கிலெழுதிக்கொள்ளும். உயர்ந்த நோக்கந்தான்! ஆனால், அத்தீர்ப்பு முன்னரே எழுதி வைக்கப்பட்டது. அதனோடு வாதாட இயலாது. மேசையிலோ அவ்வணிகராக நண்பரொருவர் வாய்திறந்து பேசுவார். “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். விதி நியாயமற்றதாகத் தோன்றினால், அனைவரும் கூடி அதனை மாற்றலாம். இயந்திரத்தின் முன் மனிதன் விதிக்கு இசையப் பழகுகிறான். மேசையிலே விதியை ஆக்கவும் பழகுகிறான். அறம் வளர்வது இந்த இரண்டாவது பயிற்சியிலேயே.

இவ்வாறு கூறுவதால் இளைஞரைப் பழிப்பது முறையாகாது. நால்வர் கூடி மாலை முழுதும் ஆடுவதற்கு ஓய்வும் இடமும் நட்பும் வேண்டும். முறைமாறி வேலை செய்யும் தொழிலாளிக்கும், வீட்டை விட்டு வெளியேற முடியாத நோயாளிக்கும் திரையே தோழனாகிறது. அவர்களிடமிருந்து கூடிக்களிக்கும் நேரத்தைப் பறித்தது கணனியன்று. மேசையும் சந்தைக்கு அப்பாற்பட்டதன்று. 1999 முதல் அவ்விளையாட்டு ஹஸ்புறோ என்னும் பெருநிறுவனத்தின் சொத்து.

எனினும், ஒரு வேற்றுமை உண்டு. பிறரும் அவ்விதிகளைக் கொண்டு நூல்கள் வெளியிடலாமென 2000ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட உரிமத்தை, 2023 ஜனவரியில் நிறுவனம் இறுக்க முனைந்தது. ஆடுவோர் திரண்டெழுந்தனர், பலர் சந்தாவை நிறுத்தினர். அம்மாதமே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தத்தக்க பொது உரிமத்தின் கீழ் விட்டது. வாயிலும் நினைவிலும் வாழும் விளையாட்டை எவரும் பூட்டிவைக்க முடியாதென்பதே அம்மக்களின் பலமாயிற்று.

இதற்கு மாறாக, ‘சிற்றி ஒஃப் ஹீரோஸ்’ என்னும் வலைவழி விளையாட்டு 2012இல் உரிமையாளரின் ஒரு முடிவினால் மூடப்பட்டது. அதனை நேசித்தோர் தமது முயற்சியாலேயே மீண்டும் இயக்கினர். 2024இலேதான் நிறுவனம் அவர்களுக்கு அனுமதி வழங்கியது. திரையின் முன் வளர்ந்தோரும் தமது உலகைத் தாமே ஆளும் வேட்கையை இழந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆசிரியரும் மாணவரும் சிந்திக்கவேண்டியது இதுவே. மேசையா, திரையா என்று தலைமுறைகள் தம்முட் பூசலிடுவதால் இலாபமடைவோர் இரண்டையும் விற்போரே. இவ்விதியை ஆக்கியவர் யார், அதனை மாற்றும் உரிமை எவருக்குண்டு என்று விளையாட்டிலே கேட்கப் பழகியவன், வாழ்க்கையிலும் அதனைக் கேட்காது விடான்.