இருட்டறையில் தேடிய குடம்

‘மெயில் போட்டு நாலு நாளாயிற்று, ஒரு வரி பதில் இல்லை’ என்று மனம் புண்பட்டுச் சொல்பவர் உண்மையில் கண்டது எது, ஊகித்தது எது? தம் இன்பாக்ஸில் பதில் இல்லை, அவ்வளவுதான் கண்டது. கடிதம் போய்ச் சேர்ந்தது, அவர் படித்தார், படித்தும் வாய் திறக்கவில்லை என்ற மூன்றும் ஊகம். இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பது நம் தத்துவ மரபில் பழைய கேள்வி. பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் ‘அனுபலப்தி’ என்னும் காணாமையைத் தனிப் பிரமாணமாகவே, அதாவது அறிவு பெறும் தனி வழியாகவே, கொண்டார்கள். மணிமேகலையும் இத்தகைய அளவைகளை எண்ணும் இடத்தில் அபாவத்தை, அதாவது இல்லாமையை, சேர்க்கிறது. தரையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிகிறது? இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. ‘இருந்திருந்தால் பட்டிருக்கும்’ என்ற நிபந்தனைதான் இந்த அறிவுக்கு உயிர். இருட்டறையில் குடம் தென்படாதது எதற்கும் சான்றாகாது.

மின்னஞ்சல் போகும் வழியில் இருட்டு நிறைய. அனுப்பும் சர்வர் கதவைத் தட்டுகிறது; பெறும் சர்வர் எண்களில் பதில் சொல்கிறது. கடிதத்தைக் கொடுத்து முடித்ததும் 250 வந்தால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். 4இல் தொடங்கினால் பிறகு வா. 5இல் தொடங்கினால் முடியாது. 550 வந்தால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை. ஓர் எழுத்து விட்டுப்போனாலே அது நேரும். ‘பிறகு வா’ என்றால் கடிதம் வரிசையில் காத்திருக்கும். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 என்ற விதித்தொகுப்பு, கைவிடுமுன் குறைந்தது நான்கைந்து நாளாவது முயலச் சொல்கிறது. அந்த ‘நாலு நாள்’ முடியும்போதும் கடிதம் வழியிலேயே இருக்கலாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதமும், அனுப்பியவரின் டொமைனுக்கு, கடிதம் போலியல்ல என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் சரியாக இல்லையென்றால், ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழலாம். ஆகவே கடிதம் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறதா என்று பார்ப்பதும், திரும்பி வந்த அறிவிப்பின் எண்ணைப் படிப்பதும், முகவரியை எழுத்தெழுத்தாய்ச் சரிபார்ப்பதும் வெறும் தொழில்நுட்ப வேலையல்ல. இருட்டறையில் விளக்கேற்றும் வேலை. ‘எனக்கு வரவே இல்லை’ என்பவருக்கும் இதே விதிதான். ஸ்பேம் பெட்டியைத் திறக்காமல் அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

இப்படிக் காரணம் தேடிக்கொண்டே போனால் யாருடைய அலட்சியத்தையும் அலட்சியம் என்று சொல்ல முடியாதே, இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விளக்கேற்றுவது குடம் உண்டு என்று சாதிப்பதற்காக அல்ல. விளக்கேற்றிய பிறகும் தென்படாவிட்டால் ‘இல்லை’ என்பது உறுதியான அறிவாகிவிடும். தேடலுக்கு எல்லை உண்டு. சர்வரே ஒரு கட்டத்தில் முயற்சியை நிறுத்தி, சேரவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்லிவிடுகிறது. பதில் சொல்வது பெற்றவரின் கடமையல்லவா என்றும் கேட்கலாம். கடமைதான். ஆனால் கையில் கிடைத்த கடிதத்துக்குத்தான் அந்தக் கடமை. கிடைத்ததா என்று தெரியுமுன் ஒருவரைக் குற்றவாளியாக்குவது, சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவதாகும்.

பிழையான அறிவிலிருந்து பிறக்கும் கோபமும் பிழையானதே. ஆகவே, பதில் வராத கடிதத்துக்காக ஒரு நட்பை முறிக்குமுன், போனை எடுத்து ‘என் மெயில் வந்ததா?’ என்று ஒருமுறை கேளுங்கள்.