கத்தி படாத உடல்

இருட்டில் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். மற்ற நிறங்களையெல்லாம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. அகச்சிவப்புக்குப் போய் 1000 நானோமீட்டரைத் தாண்டினால், ஒளி சதைக்குள் சிதறுவதும் குறைகிறது. அந்த அலைநீளத்தில் ஒளிரும் சாயம் ஒன்றை உயிருள்ள சுண்டெலியின் ரத்தத்தில் செலுத்தினால், தோலைக் கிழிக்காமலே ரத்தக்குழாய்களைப் பார்த்துவிடலாம்.

சொல்றது சுலபம். அத்தனை நீண்ட அலைநீளத்தில் ஒளிரும் மூலக்கூறுகள் பொதுவாகப் பெரியவை, தண்ணீரோடு ஒட்டாதவை. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கிப்போகின்றன. அதனால் வேதியியலாளர்கள் தண்ணீரோடு சேரும் சல்ஃபோனேட் தொகுதிகளையோ, பாலிஎத்திலீன் கிளைக்கால் வால்களையோ அவற்றில் இணைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஹோங்ஜி டாய் குழு 2016இல் வெளியிட்ட சிஎச்1055 அப்படி வால் கட்டிய சாயம். 24 மணி நேரத்தில் அதில் சுமார் 90 சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிட்டது.

என்னை யோசிக்க வைத்தது இந்த வெளியேற்றம்தான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல் உள்ளே பார்க்க நாங்களும் லாக் போடுகிறோம். பார்த்த சுவடு மிஞ்சக் கூடாது என்பது எங்களுக்கு வெறும் நேர்த்தி. சுண்டெலியின் உடலில் அது கடமை.

1959இல் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் விலங்கு ஆய்வுக்கு மூன்று விதிகளை முன்வைத்தார்கள். முடிந்தால் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. உடலைத் திறக்காமல் காட்டும் சாயம் கடைசி இரண்டையும் ஒன்றாக நிறைவேற்றுவதுபோலத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் சிக்கல் தெரிகிறது.

ஒரு கட்டி வளர்வதை ஐந்து கட்டங்களில் பார்க்க வேண்டும், கட்டத்துக்கு ஆறு எலிகள் என்று வைத்துக்கொள்வோம். அறுத்துத்தான் பார்க்க முடியுமென்றால் முப்பது எலிகள் சாகும். சாயம் இருந்தால் ஆறு போதும். ஆனால் அந்த ஆறுக்கும் ஐந்து ஊசி, ஐந்து முறை மயக்க மருந்து. முதல் கட்டத்திலேயே செத்திருக்கக்கூடிய எலி, இப்போது கட்டி பெருக்கும் வரை அதைச் சுமக்கிறது. எண்ணிக்கை குறைந்தது, மிஞ்சியவற்றின் பாரம் கூடியது.

எண்ணிக்கைக்கு மதிப்புண்டா என்று 1977இல் கேட்டார் தத்துவவாதி ஜான் டாரெக். வலி ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனி. கூட்டிப் பார்த்தால் வரும் மொத்த வலியை யாரும் அனுபவிப்பதில்லை என்பது அவர் வாதம். என்னால் முழுசா ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபத்து நான்கு உயிர் சும்மா இல்லை. ஆனால் அந்த இருபத்து நான்கைக் காட்டி, ஆறுக்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்யவும் முடியாது.

கடனை எப்படி அடைப்பது? சாயத்தை வடிவமைக்கும் மேசையிலிருந்தே தொடங்கலாம். பிரகாசம் கூடினால் மருந்தளவும் மயக்க நேரமும் குறையும். கரைதிறன் நன்றாக இருந்தால் மூலக்கூறு கட்டிதட்டாது. சீக்கிரம் வெளியேறினால் அடுத்த ஊசிக்கு முன் உடல் சுத்தமாகும்.

இன்னொன்றும் உண்டு. கத்தி பிடித்த கைக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும். திரையில் மின்னும் ரத்தக்குழாய் அழகாக இருக்கிறது, ரத்தம் தெரிவதில்லை. அந்தப் படத்துக்குக் கீழே பிரகாச அளவோடு மூன்று எண்களும் இருக்க வேண்டும்: எத்தனை ஊசி, எத்தனை நிமிட மயக்கம், கடைசியில் எத்தனை எலி உயிரோடு இருந்தது.