பேச்சைக் கேட்டுச் சிரிக்கலாமா?



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறுபது வயதைத் தாண்டிய நாலு பேர் கூடினால், பழைய வானொலி நகைச்சுவை நாடகங்களின் பேச்சு எப்படியும் வந்துவிடும். “கோமாளிகளில் ஐயர் யார், சொல்லும் பார்ப்போம்?” என்பார் ஒருவர். “பி. எச். அப்துல் ஹமீட்” என்று உடனே பதில் வரும். “மரிக்கார்?” “எஸ். ராமதாஸ்.” “உபாலி?” “செல்வசேகரன்.” “அப்புக்குட்டி?” “ரி. ராஜகோபால்.” பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளை, “தாத்தா, இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?” என்று கேட்கக்கூடும்.

பயன் உண்டு. அந்தப் பெயர்களைச் சற்று ஊன்றிப் பாருங்கள். ஐயரின் தமிழைப் பேசியவர் ஓர் இஸ்லாமியர். மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசியவர் ராமதாஸ். சிங்களவர் பேசும் தமிழுக்கு உயிர் கொடுத்தவர் செல்வசேகரன். அப்புக்குட்டியின் நாவில் யாழ்ப்பாணத் தமிழ். இலங்கை வானொலியில் இந்த நால்வரையும் கேட்டு நாடே சிரித்தது. 1976ஆம் ஆண்டில் “கோமாளிகள்” திரைப்படமாகவும் வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பிறருடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பது சரியா?

பேச்சு ஆளைக் காட்டிக்கொடுக்கும். தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சுத்தான். நீதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறைகளில் “ஷிபோலேத்” என்ற ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் மாண்டவர்கள் 42,000 பேர். இதெல்லாம் பழங்கதை என்று நாம் சொல்ல முடியாது. “கோமாளிகள்” படம் வந்து ஏழே ஆண்டுகளில், 1983 ஜூலையில், இதே கொழும்பு வீதிகளில், வாளியைக் குறிக்கும் “பால்திய” என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்டார்கள். சேர்ந்து சிரிக்க வைத்த அதே உச்சரிப்பு வேற்றுமை, அன்று உயிருக்கு உலை வைத்தது.

அப்படியானால் நகைச்சுவை தோற்றுவிட்டதா? சிரிப்பு மட்டும் எவரையும் காப்பாற்றுவதில்லை. அன்று பலரைக் காப்பாற்றியது, கதவைத் திறந்து உள்ளே அழைத்த சிங்கள, முஸ்லிம் அயலவரின் துணிவு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒருவருடைய பேச்சை அச்சொட்டாகப் பேச வேண்டுமானால், அவர் அருகில் இருந்து, பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். வெறுப்பவன் அவ்வளவு நேரம் கேட்பதில்லை. காட்டிக்கொடுக்கும் ஒரேயொரு பிழைக்காகவே அவன் காத்திருக்கிறான்.

கேலி எது, நகைச்சுவை எது என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். நான் யாரைப்போலப் பேசிக் காட்டுகிறேனோ, அவர் முன்னிலையிலும் அப்படிப் பேசுவேனா? அவர் என்னைப்போலப் பேசிக் காட்டினால், நானும் சிரிப்பேனா? கோமாளிகளில் நால்வரும் சிரிப்புக்கு ஆளானார்கள். எவரும் தனித்து விடப்படவில்லை. ஆனால் வகுப்பிலே ஒரு மலையகப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு நாற்பது பிள்ளைகள் சிரித்தால், அது நகைச்சுவை அன்று. அந்தப் பிள்ளை அதன்பின் வாய் திறக்கவே அஞ்சும்.

ஆகவே பெரியவர்களே, அந்தப் பழைய பெயர்களைத் தாராளமாகப் பேசி மகிழுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். யார் எந்த வேடம் என்பதோடு நின்றுவிடாமல், யார் யாருடைய பேச்சை அப்படிக் கேட்டுப் பழகினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.