எல்லைக்குள் உறங்கும் இரவு

தமிழ், தெலுங்கு மக்களின் வழிபாட்டு மரபில் தெய்வத்துக்கும் மனிதர்க்கும் உள்ள உறவு பெரும்பாலும் மூன்று வழிகளில் அமைகிறது: குலதெய்வம் பிறப்பால் வாய்ப்பது, இஷ்டதெய்வம் மனம் விரும்பி ஏற்பது, கிராமதேவதை எனப்படும் ஊர்த்தெய்வம் மண்ணால் உரியது. முதலிரு தெய்வங்களும் குடிபெயர்வோருடன் கூடவே வந்துவிடும்; ஊர்த்தெய்வமோ தன் எல்லையை விட்டு வராது. ஆகவே பிழைப்புக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேற்றூரில் குடியேறிய குடும்பம் தன் முதல் கோடையில் அவ்வூர்த் திருவிழாவைக் காணும்போது, அத்தெய்வம் அதற்கு என்ன உறவு என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்குத் திருப்பதியைவிடப் பொருத்தமான களம் அரிது. மலைமேல் உள்ள வேங்கடவன், எங்கிருந்தோ வந்து தரிசித்து மறுநாளே திரும்புவோருக்கும் உரியவன். அவனை வணங்க அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் தாத்தய்யகுண்டா கங்கம்மா அவனுடைய தங்கையாகப் போற்றப்படுகிறாள். வெயில் உச்சத்தில் நிற்கும் மே மாதத்தில் ஒரு வாரம் நடக்கும் அவளது ஜாத்திரைக்குத் திருமலை தேவஸ்தானம் அண்ணன் வீட்டுச் சீராகப் பட்டு அனுப்புகிறது. எனினும் மலையேறுவோரில் பலர் அவளைப் பார்க்காமலே ஊர் திரும்புகின்றனர். அவள் ஊராருக்கானவள்.

அந்த ஊரார் யாவர் என்பதை ஜாத்திரையின் தொடக்கச் சடங்கே வரையறுக்கிறது. 'சாட்டிம்பு' என்பது ஊரறியத் திருவிழாவைச் சாற்றுதல், தமிழகத்து அம்மன் கோயில்களில் திருவிழாச் சாட்டுதல் எனப்படுவதற்கு நிகரானது. அது முடிந்தபின் ஊரார் எல்லை தாண்டி வெளியே போய்த் தங்கலாகாது, வெளியூரார் உள்ளே இரவு தங்கலாகாது என்பது மரபு. இவ்விதியின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், அது ஒருவரின் பிறந்த ஊரையோ சாதியையோ தாய்மொழியையோ கேட்கவில்லை, அவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதை மட்டுமே கேட்கிறது என்பது புலப்படும். சென்ற ஆண்டு வாடகைக்கு வந்த குடும்பமும் சாட்டிம்பின் இரவில் உள்ளே உறங்கினால், காக்கப்படும் எல்லைக்குள்தான் இருக்கிறது. உரிமைக்கு முன்பே கடமை வந்து சேர்வதுதான் இதில் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அக்குடும்பம் அந்த வாரத்தில் சொந்த ஊர்த் திருமணத்துக்குப் போவதா என்று தயங்கத் தொடங்கும்போதே ஊரின் உறுப்பாகிவிடுகிறது.

எல்லாம் எல்லோர்க்கும் திறந்தவை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பெண்களைச் சூறையாடிய பாளையக்காரனைத் தேடி அம்மன் பல வேடங்களில் அலைந்து, இறுதியில் 'தொர' என்னும் பிரபு வடிவில் அவனை வெளிவரச் செய்து தலைகொய்தாள் என்ற கதையைத் தெருத்தெருவாக நடித்துக்காட்டும் உரிமை கைகால மரபினருடையது. ஆனால் நேர்த்திக்கடனாக வேடமிடுவதற்கு அத்தகைய வரம்பில்லை: நாமக்கட்டி பூசிய பைராகி, குங்குமம் அப்பிய பண்டன், கரி பூசிய தோட்டி என்று சிறுவர்கள் திரிய, ஆண்கள் புடவையும் பூவும் சூடி நடக்கின்றனர். வீட்டில் பெண்கள் பொங்கலிட்டு, உக்கிரத் தெய்வத்தையும் வெயிலில் காய்ந்த உடலையும் ஒருசேரக் குளிர்விக்கும் அம்பலி, அதாவது கேழ்வரகுக் கூழ், காய்ச்சுகின்றனர். புதிதாய் வந்த வீட்டின் குழந்தையும் கரி பூசிக்கொள்ளும்போது வேடம் அதற்கும் பொருந்திவிடுகிறது.

அந்த அம்மனே வயலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்கிறது ஐதிகம். ஒவ்வோர் ஆண்டும் அவளை வளர்த்த அவிலாலா கிராமம் பிறந்த வீட்டுச் சீராக மஞ்சள், குங்குமம், சேலை கொண்டுவருகிறது. பெற்ற குலம் அறியப்படாத ஒருத்திக்கு வளர்த்த ஊரே பிறந்த வீடாக நிற்கிறது. பெறாமலும் உறவாக முடியும் என்னும் இச்செய்தி குடியேறியவரின் கேள்விக்கு எந்தத் தத்துவ நூலையும்விட நெருங்கிய விடை தருகிறது.

நிறைவு நாளில் கோயில் முன் களிமண்ணால் எழுப்பப்படும் விசுவரூபம், அம்மனின் பெருமுகம், பேரண்டாலு எனும் சுமங்கலி வேடம் தரித்தவரால் பிளக்கப்படுகிறது. உடனே கூட்டம் முண்டியடித்து அம்மண்ணைப் பிடிப்பிடியாய் அள்ளுகிறது. மருந்தென்று நம்பி வீட்டில் சேமிக்கிறது. அள்ளுகிற கையிடம் அங்கே எவரும் ஊர் கேட்பதில்லை.