நீருக்கும் ஓர் அளவுண்டு

படி குறைத்து விற்பது பாவம் என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம். அளவில் மோசம் செய்வோரைத் திருக்குர்ஆனும் எச்சரிக்கிறது. ஆனால் கடைக் குழாயில் ஓடும் நீரை அளந்து பார்க்கிறோமா?

சிங்கப்பூர் வீடுகளில் ஆளொன்றுக்கு நாளொன்றின் நீர்ச்செலவு 2003இல் 165 லிட்டர், 2023இல் 141. அளந்து வந்ததால்தான் இக்குறைவு தெரிகிறது. நாளைய தேவைக்கும் திட்டமிட முடிகிறது. எனினும் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வீடுகளுக்கு வெளியே, தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் ஆகிறது. ஜொகூர் நீர் ஒப்பந்தமோ 2061இல் முடிகிறது.

“காசு கட்டுகிறேன், கேட்பவர் யார்?” என்பார் சிலர். காசு கொடுத்தால் வீண்விரயம் ஹலாலாகிவிடுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கைகள் கொள்ளுமளவு நீரிலேயே ஒளுச் செய்தார்கள். பிறருக்குக் குறைத்து அளப்பது மட்டுமன்று, பொதுவிலிருந்து அளவின்றி எடுப்பதும் மோசமே. அன்பர்களே, இம்மாதம் முதல் கணக்கேட்டில் நீர் மீட்டருக்கும் ஒரு வரி எழுதுவோம்.