வாக்குமூலம் யாருடைய வாக்கு?

எழுத்தறியாதவன் சொன்னான் என்று பிறர் எழுதிய சொற்களைக் கொண்டு அவன் உயிரைப் பறிக்கலாமா? 1952 நவம்பரில், லண்டனை அடுத்த குறொய்டனில் ஒரு பொலிஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் 16 வயதினன். வயது அவனைத் தூக்கிலிருந்து காத்தது. ஏற்கெனவே பொலிசாரின் பிடியிலிருந்த அவன் கூட்டாளி டெரெக் பென்ற்லி, 19 வயதினன், 1953 ஜனவரி 28இல் தூக்கிலிடப்பட்டான்.

கேள்வி எதுவுமின்றி, அவன் சொல்லச் சொல்ல எழுதியதே வாக்குமூலம் என்று பொலிசார் சாதித்தனர். இது சிறிய விடயமன்று. ‘துப்பாக்கி பயன்படுமென அறியேன்’ என்பது வினாவுக்கு விடையாயின் வெறும் மறுப்பு. தானாகச் சொன்னதாயின், துப்பாக்கி இருந்ததை முன்னரே அறிந்தவன் பேச்சு!

பல்லாண்டுகளின் பின் மொழியியலறிஞர் மல்கம் கூல்தார்ட் அதனை ஆராய்ந்தார். 582 சொற்களில், ‘பின்’ எனப் பொருள்தரும் ஆங்கிலச் சொல் 10 முறை வருகிறது. சில இடங்களில் ‘பின் நான்’ என்னாது ‘நான் பின்’ என்றே. மக்கள் பேச்சில் அவ்வரிசை அரிது. பொலிஸ் அறிக்கைகளிலோ வழக்கம்.

1998 ஜூலையில் குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அதற்கு முதன்மைக் காரணம் விசாரணை நீதிபதியின் தொகுப்புரை நேர்மையற்றிருந்தமையே, சொல்லாராய்ச்சி அன்று.

குற்றவாளி யாரென மொழியறிஞர் கூறவியலாது, கூறவும் கூடாது. நம்மை உறுத்துவது வேறு. ‘அவனே சொன்னான்’ என்ற பொலிசாரிடம் எவரும் நிபுணரின் சான்றைக் கேட்கவில்லை. ‘கேள்வி கேட்டார்கள்’ என்று அவன் மன்றிலே சொன்னதற்கோ, ஒரு பேராசிரியரும் நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் வேண்டியிருந்தன.